உருட்டினால் முதல் கோணம், விரித்தால் மூன்றாம் கோணம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பட்டறைக்கு ஒரு எல் வடிவ பிராக்கெட் வேலை வந்தது. சின்ன ஜாப்தான். அடித்தட்டு 60 மில்லிமீட்டர் நீளம், அதன் இடது கோடியில் நிமிர்ந்து நிற்கும் தட்டு 40 உயரம், முன்னிருந்து பின்னுக்கு 40, எல்லா இடத்திலும் கனம் 8. அடித்தட்டில் 10 மில்லிமீட்டர் துளை ஒன்று, ஓரத்திலிருந்து 12 தள்ளி. டிராயிங்கைப் பார்த்து மார்க் பண்ணியது நான். 32 பீஸ் டிரில் போட்டு முடித்து, ஜோடிப் பாகத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துளை எதிர் ஓரத்தில் இருக்கிறது. வெர்னியரை வைத்தால் 12 என்றால் 12, அளவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன் ஓரத்திலிருந்து 12 போக வேண்டியது பின் ஓரத்திலிருந்து போயிருக்கிறது. பீஸைத் திருப்பி, கவிழ்த்து, தலைகீழாக எல்லாம் வைத்துப் பார்த்தோம், எப்படி வைத்தாலும் உட்காரவில்லை. இடது காலுக்கு வலது செருப்பு மாதிரி. 32 பீஸும் ஸ்கிராப்.

ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு முதல் கோணம், மூன்றாம் கோணம் என்று இரண்டு முறை உண்டு. அந்த டிராயிங் ஜப்பானில் வரைந்தது, மூன்றாம் கோணம். நான் படித்ததும் பரீட்சை எழுதியதும் முதல் கோணத்தில் மட்டும். பக்கத்து வைஸில் வேலை செய்துகொண்டிருந்த மூத்த ஃபிட்டர் அண்ணன் வந்து, தாளின் வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். "தம்பி, படத்தை அப்புறம் பாரு. முதல்ல இந்த மூலையைப் பாரு." அங்கே நகக்கண் அளவில் ஒரு குறியீடு இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

ஐடிஐ, பாலிடெக்னிக், இன்ஜினியரிங் முதல் வருடம் என்று எங்கே படித்தாலும் இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குத் தலை சுற்றுகிறது. பாடத்தில் கடினம் எதுவும் இல்லை. நான்கு கால்வட்டம், இரண்டு தளம், எக்ஸ்ஒய் கோடு என்று பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து விடுகிறார்கள், அதுதான் சிக்கல். நாம் ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம்.

முதலில் சொற்கள்

ஒரு பொருளை நேர் எதிரே நின்று பார்த்து வரைவது ஃப்ரண்ட் வியூ, முன்தோற்றம். மேலிருந்து பார்த்தால் டாப் வியூ, மேல்தோற்றம், பிளான் என்றும் சொல்வார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் சைடு வியூ. இப்படி ஒவ்வொரு திசையிலிருந்தும் தளத்துக்குச் செங்குத்தாகப் பார்த்து வரையும் முறைக்கு ஆர்த்தோகிராஃபிக் ப்ரொஜெக்‌ஷன் என்று பெயர். ப்ரொஜெக்‌ஷன் என்பதை இலங்கையில் எறியம் என்று படிக்கிறார்கள், நல்ல சொல்தான், ஒரு தளத்தின் மேல் எறிந்தது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத் தோற்றம் என்றால், பொருளின் இடது பக்கத்தில் போய் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அது. தாளில் இடது பக்கம் வரைந்திருக்கும் படம் என்று அர்த்தம் இல்லை. பாதிக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

பெட்டியை எடுங்கள்

வீட்டில் மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும், சிரப் பாட்டில் பெட்டி என்றால் இன்னும் நல்லது. பேனாவால் ஆறு பக்கத்திலும் எழுதுங்கள்: முன்பக்கத்தில் மு, மேலே மே, உங்களுக்கு இடது கைப் பக்கம் இருக்கும் முகத்தில் இ, வலது கைப் பக்கம் வ, அடியில் அ, பின்னால் பி. எழுதாமல் மனதிலேயே செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், எழுதினால்தான் கை நினைவு வைத்துக்கொள்ளும்.

இப்போது பெட்டியை ஒரு பெரிய தாளின் நடுவில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மு வானத்தைப் பார்க்க வேண்டும், மே எழுதிய முகம் உங்களை விட்டுத் தள்ளி அந்தப் பக்கம் இருக்க வேண்டும். பெட்டி இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு உள்ளே மு என்று எழுதுங்கள். அப்புறம் பெட்டியை வலது பக்கமாக ஒரே ஒரு உருட்டு உருட்டுங்கள். மேலே எந்த எழுத்து வந்தது? இ. அந்த இடத்தில் இ என்று எழுதிவிட்டு, பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்து இடது பக்கம் உருட்டுங்கள், வ வரும். மறுபடி நடுவுக்குக் கொண்டு வந்து உங்களை நோக்கி உருட்டினால் மே வரும். உங்களை விட்டுத் தள்ளி உருட்டினால் அ வரும்.

தாளைப் பாருங்கள். முன்தோற்றம் நடுவில், மேல்தோற்றம் அதற்குக் கீழே, இடப்பக்கத் தோற்றம் வலது பக்கம், வலப்பக்கத் தோற்றம் இடது பக்கம், அடித்தோற்றம் மேலே. இதுதான் முதல் கோணம், ஃபர்ஸ்ட் ஆங்கிள்.

அடுத்து அதே பெட்டியைக் கத்தரியால் வெட்டுங்கள். முன்பக்கம் நடுவில் நிற்கிற மாதிரி, பின்பக்க விளிம்புகளையும், முன்னிருந்து பின்னுக்குப் போகும் நான்கு மூலை விளிம்புகளையும் வெட்டி, எழுதிய பக்கம் மேலே தெரிய விரித்துப் போடுங்கள். இப்போது மே மேலே இருக்கும், அ கீழே, இ இடது பக்கம், வ வலது பக்கம். எந்தப் பக்கம் எங்கே இருந்ததோ அங்கேயே விரிந்து கிடக்கும். இது மூன்றாம் கோணம், தேர்ட் ஆங்கிள்.

உருட்டினால் முதல் கோணம், விரித்தால் மூன்றாம் கோணம். இந்த ஒரு வரி கையில் இருந்தால் பரீட்சை ஹாலில் பாக்ஸை மனதிலேயே உருட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு தாளிலும் முன்தோற்றம் ஒன்றேதான், மேல்தோற்றமும் ஒன்றேதான், சைடு வியூவும் அப்படித்தான். ஒரு கோடு கூட மாறவில்லை, உட்காரும் இடம் மட்டும்தான் மாறுகிறது. முதல் கோணத்தில் டாப் வியூ வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படத்தையே மாற்றி வரையும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி மாற்ற வேண்டியதே இல்லை.

முதல், மூன்றாம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது

கிடையாக ஒரு அட்டை, அதை நடுவில் வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு அட்டை. பக்கத்திலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரியும். கிடையான அட்டை ஹெச்பி, செங்குத்தான அட்டை விபி, இரண்டும் சந்திக்கும் கோடுதான் எக்ஸ்ஒய். நீங்கள் விபிக்கு எதிரே, முன்னால் நிற்கிறீர்கள். ஹெச்பிக்கு மேலே, விபிக்கு முன்னால் இருக்கும் இடம் முதல் கால்வட்டம். மேலே, பின்னால் என்றால் இரண்டாவது. கீழே, பின்னால் மூன்றாவது. கீழே, முன்னால் நான்காவது.

முதல் கால்வட்டத்தில் பொருளை வைத்தால் நீங்கள், பொருள், தளம் என்ற வரிசை வரும். பொருளைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவரில் நிழல் விழுவது போல படம் விழுகிறது. மேலிருந்து பார்த்தது கீழே இருக்கும் தரையில் விழுகிறது, இடதுபுறத்திலிருந்து பார்த்தது வலது பக்கச் சுவரில் விழுகிறது. மூன்றாவதில் வைத்தால் நீங்கள், தளம், பொருள் என்று வரிசை மாறும், அதனால் தளத்தைக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெருவில் நிற்கும் வண்டியைப் பார்த்து, கண்ணாடி மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இரண்டும் நான்கும் ஏன் இல்லை என்று கேட்பார்கள், வைவாவில் இது தவறாமல் வரும். படத்தைத் தட்டையான தாளில் கொண்டு வர ஹெச்பியை எக்ஸ்ஒய் கோட்டைச் சுற்றி மடக்குகிறோம், அதன் முன்பாதி கீழே போகும், பின்பாதி மேலே வரும். இரண்டாவது கால்வட்டத்தில் பொருளை வைத்தால் முன்தோற்றமும் மேல்தோற்றமும் இரண்டுமே எக்ஸ்ஒய் கோட்டுக்கு மேலே வந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நான்காவதில் இரண்டும் கீழே வந்து அதே கதை. கோடு கோடாகக் கலந்து கிடக்கும் படத்தை யாரால் படிக்க முடியும்? அதனால் அந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் பிரான்சின் காஸ்பர் மோன்ஜ், 1746 முதல் 1818 வரை வாழ்ந்தவர். மெசியேர் ஊரில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டை வடிவமைப்புக் கணக்குகளுக்காக இதை உருவாக்கினார். கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம் இருந்தால் எதிரியின் குண்டு உள்ளே விழாது என்று நீளமான கணக்காகப் போட்டுக்கொண்டிருந்ததை இவர் தாளில் கோடு போட்டே கண்டுபிடித்துக் காட்டினார். பயன் தெரிந்ததும் ராணுவம் அதை ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டது. புரட்சிக்குப் பிறகு 1795இல்தான் பாரிஸில் வெளிப்படையாகப் பாடம் நடத்தினார், 1799இல் புத்தகமாக வந்தது. ஒரு காலத்தில் ராணுவ ரகசியமாக இருந்ததைத்தான் நாம் முதல் செமஸ்டரில் படிக்கிறோம் என்பது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

யார் எதைப் பயன்படுத்துகிறார்கள்

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகள், ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியவை முதல் கோணம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்றாம் கோணம். பிரிட்டனில் இரண்டுமே செல்லும். நம் ஊரில் பள்ளி, கல்லூரிகளுக்கான எஸ்பி 46 என்ற இந்தியத் தரக் கையேடு முதல் கோணத்தைத்தான் சொல்கிறது, அதனால் பரீட்சையில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் முதல் கோணம். சர்வதேச ஐஎஸ்ஓ தரம் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது, ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று அது சொல்லவில்லை.

ஆனால் அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்குப் போனால் ஒரே மேஜையில் இரண்டு வகையும் கிடக்கும். காலையில் ஜெர்மன் வாடிக்கையாளரின் பம்பு பாகம், மதியம் ஜப்பான் வண்டிக்கான பிராக்கெட். அதனால் இதைப் பழகிக்கொண்டு அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைக்காதீர்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் பழகுங்கள்.

எது வசதி என்று என்னைக் கேட்டால் நீளமான பாகங்களுக்கு மூன்றாம் கோணம்தான். ஒரு மீட்டர் நீளமுள்ள ஷாஃப்ட்டின் வலது முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மூன்றாம் கோணத்தில் வலது முனைக்குப் பக்கத்திலேயே படம் இருக்கும். முதல் கோணத்தில் தாளின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இந்தக் கோடிக்குத் திரும்ப வேண்டும். அளவு மாறிப்போக அது ஒரு வாய்ப்பு.

மூலையில் இருக்கும் குறியீடு

டிராயிங்கின் விவரங்கள் எழுதும் மூலைக் கட்டமான டைட்டில் பிளாக்கில் ஒரு தலை வெட்டிய கூம்பும், அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டமும் இருக்கும். டீக்கடை டம்ளர் வடிவத்தில் ஒரு கட்டையைக் கடைந்து படுக்க வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய முனை இடது பக்கம், பெரிய முனை வலது பக்கம். இதை இடது பக்கத்திலிருந்து, அதாவது சிறிய முனையிலிருந்து பார்த்தால் இரண்டு வட்டமும் முழுக்கோடாகத் தெரியும். ஆக அந்த வட்டங்கள் கூம்பின் இடப்பக்கத் தோற்றம். அந்த இடப்பக்கத் தோற்றத்தைக் கொண்டுபோய் வலது பக்கம் வைத்திருந்தால் முதல் கோணம், இடது பக்கத்திலேயே வைத்திருந்தால் மூன்றாம் கோணம்.

வட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனப்பாடம் செய்தால் ஒருநாள் மாறிப்போகும், ஏனென்றால் சிலர் கூம்பையே திருப்பிப் போட்டு வரைந்திருப்பார்கள். அதைவிட இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சிறிய முனை வட்டங்களை ஒட்டி இருந்தால் மூன்றாம் கோணம், பெரிய முனை வட்டங்களை ஒட்டி இருந்தால் முதல் கோணம். கூம்பு எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் இது பொருந்தும்.

குறியீடே இல்லாவிட்டால்

பழைய டிராயிங், ஜெராக்ஸில் மூலை வெட்டுப்பட்ட டிராயிங், வாட்ஸ்அப்பில் பாதியாகப் போட்டோ பிடித்து அனுப்பிய டிராயிங் என்று இதுவும் நடக்கும். அளவு அங்குலத்தில் இருக்கிறது, அதனால் அமெரிக்கா, அதனால் மூன்றாம் கோணம் என்று ஊகித்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். படமே உங்களுக்குச் சொல்லிவிடும், கோடுகளைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அந்த எல் பிராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். முன்தோற்றத்தில் எல் வடிவம் தெரிகிறது, நிமிர்ந்த தட்டு இடது பக்கம், அடித்தட்டு வலது பக்கமாக நீண்டிருக்கிறது. வலது பக்கத்தில் போய் நின்று பார்த்தால் என்ன தெரியும்? முன்னால் அடித்தட்டின் 8 மில்லிமீட்டர் விளிம்பு, அதற்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் தட்டு. அதனால் 8 உயரத்தில் ஒரு முழுக்கோடு வரும். இடது பக்கத்தில் நின்று பார்த்தால் நிமிர்ந்த தட்டு மறைத்துக்கொள்ளும், 8 உயரத்தில் இருக்கும் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் விட்டுவிட்டு வரும் கோடாக, அதாவது மறைகோடாக வரும்.

இப்போது டிராயிங்கில் இருக்கும் சைடு வியூவில் 8 உயரத்தில் முழுக்கோடா, மறைகோடா என்று பாருங்கள். முழுக்கோடு என்றால் அது வலது பக்கத்திலிருந்து பார்த்த படம். அது முன்தோற்றத்துக்கு வலது பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம், இடது பக்கம் இருந்தால் முதல் கோணம். பெரும்பாலான பாகங்களில் இப்படி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரியும் படிக்கட்டோ பள்ளமோ ஒன்று இருக்கும், அதைப் பிடித்துச் சோதியுங்கள். குறியீடு இருந்தாலும் கூட இந்தச் சோதனையை ஒருமுறை செய்வது என் வழக்கம், அரை நிமிடம்தான் ஆகும். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வேலையைத் தொடாமல் டிராயிங் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 32 பீஸ் ஏன் போனது

எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆனது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முன்தோற்றத்தை ஒட்டி இருக்கும் விளிம்பு எது என்பதுதான் இங்கே சங்கதி. மூன்றாம் கோணத்தில் டாப் வியூவோ சைடு வியூவோ, முன்தோற்றத்தை ஒட்டி இருக்கும் விளிம்பு பொருளின் முன்பக்கம். முதல் கோணத்தில் ஒட்டி இருப்பது பொருளின் பின்பக்கம், முன்பக்கம் தூரத்தில் இருக்கும். உங்கள் அட்டைப்பெட்டித் தாளையும் விரித்த பெட்டியையும் வைத்துப் பாருங்கள், அப்படியே வரும். விரித்த பெட்டியில் மே முகம் மு முகத்தோடு மடிப்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது அல்லவா, அந்த மடிப்புதான் முன் விளிம்பு.

என் பிராக்கெட் டிராயிங்கில் டாப் வியூ முன்தோற்றத்துக்கு மேலே இருந்தது. துளை அந்த டாப் வியூவின் கீழ் விளிம்பிலிருந்து 12, அதாவது முன்தோற்றத்தை ஒட்டிய விளிம்பிலிருந்து. மூன்றாம் கோணம் என்பதால் அது முன் ஓரம். நான் முதல் கோணம் என்று படித்ததால், மேலே இருக்கும் படம் அடியிலிருந்து பார்த்தது என்றும், ஒட்டிய விளிம்பு பின் ஓரம் என்றும் எடுத்துக்கொண்டேன். முன்தோற்றத்தில் துளை மறைகோடாகத்தான் இருக்கும், அது முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அங்கே எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. டாப் வியூவில் நிமிர்ந்த தட்டின் உள்விளிம்பு முழுக்கோடாக இருந்தது. அடியிலிருந்து பார்த்திருந்தால் அது மறைகோடாக இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு கோடு மட்டும்தான் சாட்சி.

ஆக, கோணத்தை மாற்றிப் படித்தால் பொருள் முன்னுக்குப் பின்னாகத் திரும்பி, கண்ணாடியில் தெரிவது போன்ற ஒரு பிரதி வரும். வலது பக்கத்துக்குச் செய்ய வேண்டிய பாகம் இடது பக்கத்துக்கானதாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பாகம் என்றால் பாதகம் இல்லை, தப்பு வெளியில் தெரியவே தெரியாது. அதனால்தான் வருடக்கணக்கில் தப்பாகப் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களும் உண்டு, ஒரு துளை ஓரத்துக்குப் போகும் வரை.

நீங்களே வரைந்து பாருங்கள்

அதே எல் பிராக்கெட்டை முதல் கோணத்தில் வரைவோம். தாளில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, குறுக்கே எக்ஸ்ஒய் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இடது பக்கத்தில் முன்தோற்றம், 60க்கு 40 கட்டம் போட்டு அதற்குள் எல் வடிவம். அந்த எல் வடிவத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கீழே மெல்லிய கோடு இறக்குங்கள், அழுத்தாமல், அப்புறம் அழிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ஒய்க்குக் கீழே இடைவெளி விட்டு 40 அளவில் இரண்டு கிடைக்கோடு போட்டால் மேல்தோற்றத்தின் செவ்வகம் கிடைத்துவிடும். இடது ஓரத்திலிருந்து 8 தள்ளி நிமிர்ந்த தட்டின் முழுக்கோடு. துளைக்குக் கீழ் விளிம்பிலிருந்து 12, ஏனென்றால் கீழ் விளிம்புதான் முன் ஓரம். இடது ஓரத்திலிருந்து 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். மையக்கோடுகளை முதலில் போட்டுவிட்டு வட்டத்தை அப்புறம் போடுங்கள், காம்பஸ் முள் நழுவாது.

சைடு வியூவுக்கு முன்தோற்றத்தின் வலது பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, அது எக்ஸ்ஒய்யைத் தொடும் இடத்திலிருந்து வலது கீழாக 45 டிகிரியில் ஒரு சாய்வுக் கோடு. மேல்தோற்றத்திலிருந்து வலது பக்கமாகக் கோடுகளை நீட்டினால் அவை சாய்வுக் கோட்டில் மோதும், மோதிய இடத்திலிருந்து நேராக மேலே ஏற்றுங்கள். முன்தோற்றத்திலிருந்து உயரங்களை வலது பக்கமாக நீட்டுங்கள். இரண்டும் வெட்டும் இடங்களைச் சேர்த்தால் இடப்பக்கத் தோற்றம் வந்துவிடும். இடது பக்கத்திலிருந்து பார்ப்பதால் 8 உயரக் கோடு மறைகோடு, துளையும் மறைகோடு, துளை அந்தப் படத்தின் வலது ஓரத்தை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ முன்னும் பின்னும் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நீளம் முன்தோற்றத்துக்கும் மேல்தோற்றத்துக்கும் பொது, உயரம் முன்தோற்றத்துக்கும் சைடு வியூவுக்கும் பொது, முன்பின் அளவு மேல்தோற்றத்துக்கும் சைடு வியூவுக்கும் பொது. ஸ்கேலை ஒருமுறைக்கு மேல் எடுத்து அதே அளவை மறுபடி அளந்தால் அங்கேதான் அரை மில்லிமீட்டர் விலகும், அதனால் கோட்டை நீட்டியே கொண்டு போங்கள். வரைந்து முடித்ததும் மூலையில் குறியீட்டைப் போடுங்கள். பரீட்சையில் பலர் இதை மறந்துவிட்டு வருகிறார்கள்.

மூன்றாம் கோணத்துக்கு மேல்தோற்றத்தை அப்படியே தூக்கி முன்தோற்றத்துக்கு மேலே வையுங்கள், சாய்வுக் கோடு வலது மேல் மூலைக்குப் போகும், வலது பக்கத்தில் இப்போது வலப்பக்கத் தோற்றம் வரும், அதில் 8 உயரக் கோடு முழுக்கோடு, துளை முன்தோற்றத்தை ஒட்டிய ஓரத்தில்.

கம்ப்யூட்டரில் வரைபவர்களுக்கு

சாலிட்வொர்க்ஸில் ஷீட்டின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ப்ரொஜெக்‌ஷன் வகை என்று ஒரு இடம் இருக்கும், ஃபர்ஸ்ட், தேர்ட் என்று இரண்டு தேர்வு. ஆட்டோகேடில் வியூஎஸ்டிடி கட்டளை கொடுத்தால் அதே தேர்வு வரும், ஆனால் அது இனிமேல் உருவாக்கும் வியூக்களுக்குத்தான். புதிய சிஸ்டத்தில் உட்கார்ந்ததும் முதலில் இதைப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் அதில் வேலை செய்தவர் எந்த வாடிக்கையாளருக்கு வரைந்தாரோ, அந்த அமைப்பு அப்படியே கிடக்கலாம்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல டெம்ப்ளேட்டுகளில் மூலைக் குறியீடு வெறும் படமாக ஒட்டி வைத்திருக்கும். நீங்கள் அமைப்பை மூன்றாம் கோணத்துக்கு மாற்றினாலும் குறியீடு முதல் கோணத்திலேயே நிற்கும். வியூ ஒன்று சொல்ல, குறியீடு வேறொன்று சொல்ல, படிக்கிறவர் குறியீட்டை நம்பி ஸ்கிராப் போடுவார். பிரிண்ட் எடுக்கும் முன் வியூவும் குறியீடும் ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

விதிவிலக்கு போல் தெரியும் இரண்டு

சில டிராயிங்கில் அம்புக்குறி போட்டு வியூ ஏ என்று எழுதி, அந்தப் படத்தைத் தாளில் எங்கோ ஒரு காலி இடத்தில் வைத்திருப்பார்கள். அங்கே முதல், மூன்றாம் எதையும் பார்க்க வேண்டாம், அம்பு காட்டும் திசையில் பார்த்தது அந்தப் படம், அவ்வளவுதான். செக்‌ஷன் ஏஏ என்று வெட்டுத்தோற்றம் வந்தாலும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் பார்வை.

இன்னொன்று, ஷாஃப்டில் சாவி உட்காரும் கீவே. முதல் கோண டிராயிங்காகவே இருக்கும், ஆனால் கீவேயை மேலிருந்து பார்த்த சின்னப் படத்தை மட்டும் ஷாஃப்டுக்கு நேர் மேலே வைத்து ஒரு மெல்லிய மையக்கோட்டால் இணைத்திருப்பார்கள். தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டும் படத்தை, முழு டிராயிங் எந்தக் கோணத்தில் இருந்தாலும், மூன்றாம் கோணத்தில்தான் வைக்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ விதி.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். துணி துவைக்கும் பார் சோப்பு ஒன்றை வாங்கி, கத்தியால் அந்த எல் வடிவத்தில் வெட்டி, ஒரு ஓரத்தில் பென்சிலால் துளை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் முதல் கோணத்தில் மூன்று தோற்றமும் வரையுங்கள், மறுநாள் மூன்றாம் கோணத்தில். அப்புறம் சோப்பை எடுத்து ஒளித்துவிட்டு, நண்பர் ஒருவரிடம் உங்கள் மூன்றாம் கோணத் தாளை மட்டும் கொடுத்து அவரை வேறொரு சோப்பில் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு சோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துளை இரண்டிலும் ஒரே ஓரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.